கற்கூரை நின்றது எப்படி?

வானளாவிய கட்டடத்தைக் கண்டு வியப்பது எளிது. அது ஏன் விழாமல் நிற்கிறது என்று கேட்பதுதான் அரிது. அப்படிக் கேட்க எனக்குக் கற்றுக் கொடுத்தவர் கொத்தனாராகிய என் தந்தையார்.

2019ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் இரவு. தில்லியில் எங்கள் வீட்டில் அனைவரும் தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருந்தோம். மணி பதினொன்று கடந்திருந்தது. பாரிஸ் மாநகரில் அப்போது மாலைப் பொழுது. அந்நகரின் புகழ்பெற்ற நோத்ர தாம் தேவாலயம் பற்றி எரிந்துகொண்டிருந்தது. எங்கள் கண்ணெதிரிலேயே அதன் கூர்ங்கோபுரம் வளைந்து, முறிந்து, தீக்குள் வீழ்ந்தது.

மறுநாள் மாலை, கோயிலின் உட்புறப் படங்களைக் காட்டினார்கள். கூரையில் மூன்று இடங்களில் பெருந்துளைகள், தரையில் கரிக்குவியல். ஆயினும் கல்லால் ஆன வளைவுக் கூரையின் பெரும்பகுதி அப்படியே நின்றது. வேலை முடிந்து வந்து கைகால் கழுவிக்கொண்டிருந்த தந்தையார் அதைப் பார்த்துவிட்டுத் துண்டும் கையுமாக அப்படியே நின்றார்.

“ஏன்டா தம்பி, நடுவிலே ஒரு தூண்கூட இல்லையே. மேலே அவ்வளவு பெரிய மரக்கூரை எரிஞ்சு விழுந்திருக்கு. இந்தக் கல்லு எப்படி நிக்குது?”

நான் அப்போது பள்ளி இறுதி வகுப்பை எட்டியிருந்தேன். இயற்பியலில் நல்ல மதிப்பெண் வாங்குபவன் என்ற பெயரும் இருந்தது. சற்றும் தயங்காமல், “நல்ல சிமெண்டாப் போட்டிருப்பாங்கப்பா” என்றேன்.

தந்தையார் சிரித்துவிட்டார். “எண்ணூறு வருசத்துக்கு முன்னே ஏதுடா சிமெண்ட்டு?” என்றார்.

அந்தச் சிரிப்பு என் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. சென்ற 2025ஆம் ஆண்டுக் கோடையில், இரண்டு வார அறிவியல் பயிற்சி ஒன்றுக்காகப் பாரிஸ் செல்லும் வாய்ப்பு வந்தபோது, ஓய்வு நாள் ஒன்றில் எங்குச் செல்வது என்பதில் எனக்குக் குழப்பமே எழவில்லை.

ஆற்றுத் தீவில் ஒரு கோயில்

சேன் ஆறு பாரிஸ் நகரின் நடுவே ஓடுகிறது. அவ்வாற்றின் இடையே ஒரு சிறு தீவு. அத்தீவின் கீழைப் பகுதியில் நிற்கிறது இக்கோயில். நோத்ர தாம் என்றால் பிரெஞ்சு மொழியில் ‘நம் அன்னை’ என்று பொருள். ஏசுவின் தாயாகிய மரியாளைக் குறிப்பது.

மொரிஸ் தெ சுல்லி என்னும் ஆயரின் காலத்தில், 1163ஆம் ஆண்டு வாக்கில் கட்டடப் பணி தொடங்கியது. அவர் 1196இல் காலமானார். கோயில் அப்போது முற்றுப்பெறவில்லை. மேற்கு வாயிலின் இரட்டைக் கோபுரங்கள் எழுந்து முடிய 1250ஆம் ஆண்டளவாயிற்று. முதற்கல் நாட்டியவர்களின் பேரர்களும் முதியவர்களாகியிருப்பர்.

பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1793இல், முகப்பில் வரிசையாக நின்ற அரசர் சிலைகளின் தலைகளைக் கொய்தனர். பிரான்சின் மன்னர்கள் என்று கருதிக் கொய்யப்பட்ட அவை உண்மையில் விவிலியம் கூறும் யூதேயா நாட்டு அரசர்களின் தலைகள்! அவற்றுட் பல 1977இல் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தன. நெப்போலியன் தனக்கு முடிசூட்டிக்கொண்டதும் இங்கேதான். அது 1804ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள். பின்னர்ச் சிதைந்து கிடந்த கோயிலின் மீது மக்கள் கருத்தைத் திருப்பியது 1831இல் விக்தோர் ஹியூகோ எழுதிய புதினம். அதன் பிறகே வியொலே-லெ-துக் என்னும் கட்டடக் கலைஞரின் தலைமையில் பெரும் திருப்பணி நடந்தது. 2019இல் வீழ்ந்த கூர்ங்கோபுரம் அவர் எழுப்பியது.

தீக்குப் பின் 2024ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆம் நாள் கோயில் மீண்டும் திறக்கப்பட்டது. நான் சென்ற நாளில் மக்கள் வெள்ளம் மெல்ல நகர்ந்து உள்ளே சென்றது. உள்ளே கருமை படிந்த பழங்கோயிலை எதிர்பார்த்தவனுக்கு ஏமாற்றமே. புகைக்கரியும் பல நூற்றாண்டு அழுக்கும் நீங்கிச் சுண்ணாம்புக் கற்கள் வெண்மஞ்சள் நிறத்தில் ஒளிர்ந்தன. ஏறத்தாழ 13 மீட்டர் குறுக்களவுள்ள வட்டச் சாளரங்கள் வடக்கிலும் தெற்கிலும் நீலமும் சிவப்புமாய்ச் சுடர்ந்தன. எல்லோரும் அவற்றைப் படம் எடுத்துக்கொண்டிருந்தனர். நான் தலையை நிமிர்த்திக் கூரையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

தரையிலிருந்து 33 மீட்டர் உயரம். அதாவது பத்து மாடி உயரம். நடுக்கூடத்தின் அகலம் ஏறக்குறைய 12 மீட்டர். அந்த உயரத்தில், அந்த அகலத்தை, கல்லால் மூடியிருக்கிறார்கள். அந்தக் கற்கூரையின் கனமோ ஒரு சாணுக்கும் குறைவு!

கல்லின் குணம்

இங்கே கல்லின் இயல்பைச் சற்று நோக்குவோம். கல்லை அழுத்தினால் எவ்வளவு வேண்டுமானாலும் பொறுக்கும். ஆனால் இழுத்தாலோ வளைத்தாலோ பொறுக்காது, பிளந்துவிடும். இரு தூண்களின் மேல் ஒரு கல் உத்தரத்தைக் கிடத்தினால், அதன் மேற்புறம் அமுங்குகிறது, அடிப்புறம் இழுபடுகிறது. உத்தரம் நீண்டால் அடிப்புறத்தில் விரிசல் கண்டு ஒடிந்துவிடும். ஆதலால் தூண்களை நெருக்கமாக நட வேண்டும். தூணும் உத்தரமுமாகக் கட்டிய நம் கோயில்களின் கல் மண்டபங்களில் தூண்கள் நெருங்கி நிற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

பல்லாயிரவர் ஒருங்கே கூடி நின்று வழிபட வேண்டிய தேவாலயத்திற்கு நடுவே தூணில்லாத அகன்ற கூடம் தேவை. அதற்குக் கல்லை எங்கும் வளைய விடாமல், எங்கும் அமுங்க மட்டுமே விட வேண்டும். அந்த வித்தைதான் வளைவு. ஆப்பு வடிவமாகச் செதுக்கிய கற்களை அரைவட்டமாக அடுக்கி, உச்சியில் கடைசிக் கல்லை இறுக்கிவிட்டால், ஒவ்வொரு கல்லும் விழ முயன்று தன் அண்டைக் கல்லை நெருக்குகிறது. எல்லாக் கற்களும் விழ முயல்வதாலேயே எந்தக் கல்லும் விழுவதில்லை!

வளைவின் உதைப்பு

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. சுவரில் சாய்த்து வைத்த ஏணியை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் ஆள் ஏறினால் ஏணியின் அடி வெளிப்புறமாக வழுக்கப் பார்க்கிறது. வளைவும் அப்படியே. தன் எடையால் அது கால்களைக் கீழே அழுத்துவதோடு, வெளிப்புறமாகவும் உதைக்கிறது. இந்த உதைப்பு இரவு பகல் ஓய்வதில்லை. 33 மீட்டர் உயரத்தில் சுவரின் தலையை ஒருவன் ஓயாது வெளியே தள்ளிக்கொண்டிருப்பதாக வைத்துக்கொண்டால் நிலைமை விளங்கும்.

பழைய கட்டடக்காரர்கள் இதற்குக் கண்ட வழி, சுவரைக் கோட்டைச் சுவர்போல் தடிப்பாக்குவது. தடித்த சுவரில் பெரிய சாளரம் வைக்க இயலாது. ஆகவே கோயில் இருண்டு கிடக்கும்.

12ஆம் நூற்றாண்டில் பாரிசைச் சுற்றியிருந்த கொத்தர்கள் வேறு வழி கண்டனர். பிற்காலத்தார் ‘கோதிக்’ என்று பெயரிட்ட கலை இதுவே. அதன் முதற்கூறு கூர்வளைவு. அரைவட்டத்தின் உச்சியை மேலே இழுத்துக் கூராக்கினால் வளைவு நெட்டுக்குத்தாகிறது. எடை பெரும்பாலும் கீழ்நோக்கி இறங்குகிறது. பக்க உதைப்புக் குறைகிறது. நேராக நிமிர்த்தி வைத்த ஏணி குறைவாக வழுக்குவதைப் போன்றது இது. இன்னொரு நன்மையும் உண்டு. அரைவட்டத்தில் அகலம் மாறினால் உயரமும் மாறியே தீரும். கூர்வளைவிலோ, அகலங்கள் வேறுபட்டாலும் உச்சிகளை ஒரே உயரத்திற்குக் கொண்டுவரலாம்.

இரண்டாம் கூறு, கூரையின் அடியில் குறுக்கும் மறுக்குமாக ஓடும் கல் விலா எலும்புகள். நோத்ர தாம் நடுக்கூடத்தில் இவ்விலாக்கள் கூரையின் ஒவ்வொரு பகுதியையும் ஆறு பிரிவாக வகுக்கின்றன. கூரையின் எடை அப்பகுதியின் சில மூலைகளில் திரண்டு இறங்குகிறது. உதைப்பு எங்கே விழுகிறது என்று தெரிந்துவிட்டால், அங்கே மட்டும் தாங்கினால் போதும் அல்லவா?

வெளியிலிருந்து ஒரு முட்டு

கோயிலை விட்டு வெளியே வந்து, பாலத்தைக் கடந்து, ஆற்றின் தென்கரையில் சென்று நின்றேன். அங்கிருந்து நோக்கினால்தான் இரகசியம் வெளிப்படுகிறது. கோயிலைச் சுற்றிப் பருத்த கல் தூண்கள் எட்ட நிற்கின்றன. அவற்றின் தலையிலிருந்து கல் கைகள் காற்றில் பாய்ந்து சென்று கோயிற் சுவரின் தோளைத் தாங்குகின்றன. இவற்றைப் ‘பறக்கும் முட்டு’ என்பர். கிழக்குப் பக்கத்திலுள்ளவை ஏறத்தாழ 15 மீட்டர் தூரம் ஒரே தாவில் பாய்கின்றன.

சாயும் சுவருக்குக் கட்டை கொண்டு முட்டுக் கொடுப்பதை நாம் அறிவோம். அதே செயல்தான் இது. ஆனால் முட்டைச் சுவரோடு ஒட்டிக் கட்டாமல் எட்டக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். உள்ளேயிருந்து கூரை வெளியே உதைக்கிறது. வெளியேயிருந்து முட்டு உள்ளே தள்ளுகிறது. இரண்டும் சமமாக இருக்கும் வரை சுவருக்குக் கவலையில்லை. கூரையைத் தாங்கும் சுமையினின்று பெரிதும் விடுபட்ட சுவரில், கல்லை எடுத்துவிட்டுக் கண்ணாடி வைத்தார்கள். 13ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், முன்பு கட்டிய சிறு சாளரங்களையே உடைத்துப் பெரிதாக்கினர். குறுக்குக் கூடத்தை ஒட்டிய இடத்தில் மட்டும் பழைய அமைப்பை வியொலே-லெ-துக் மீட்டமைத்தார். அங்கு நின்று இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். அந்த வண்ணச் சாளரங்களின் அழகெல்லாம் வெளியே வெயிலிலும் மழையிலும் நின்று தோள் கொடுக்கும் இம்முட்டுகளின் உபயமே!

கொடிக்கயிறும் வளைவும்

இவ்வளவையும் அவர்கள் கணக்கிட்டா செய்தார்கள்? இல்லை. நியூட்டன் பிறப்பதற்கு நானூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலம் அது. வளைவின் இயல்பை ஒரு வாக்கியத்தில் அடக்கியவர் இராபர்ட் ஹூக் என்னும் ஆங்கில அறிஞர், ஆண்டு 1675. நம் விடுதி மாடியில் துணி காயப்போடும் கொடிக்கயிற்றைப் பாருங்கள். அது தொங்கும் வடிவில் எங்கும் இழுப்பு மட்டுமே உண்டு. அவ்வடிவை அப்படியே தலைகீழாகக் கவிழ்த்துக் கல்லால் கட்டினால் எங்கும் அழுத்தம் மட்டுமே இருக்கும். கவிழ்ந்த அந்தக் கயிற்றின் கோடு கல்லின் கனத்திற்குள் அடங்கும் வரை வளைவு விழாது. கல் எத்துணை உறுதியானது என்பதைவிட, அதன் வடிவம் சரியா என்பதே இங்குப் பெரிய கேள்வி. என் தந்தையின் வினாவுக்கு விடையும் இதுதான். சாந்தின் பிடிப்பு அன்று; வடிவமே கூரையை நிறுத்துகிறது.

ஹூக்குக்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த கொத்தர்கள் இதைப் பட்டறிவால் கற்றனர். அப்பாடம் எளிதாகக் கிடைக்கவில்லை. பாரிசுக்கு வடக்கே பொவே என்னும் ஊரில் 48 மீட்டர் உயரத்திற்குக் கூரை எழுப்பினார்கள். 1272இல் முடிந்த அது 1284இல் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. நோத்ர தாமைக் கட்டியவர்கள் வடிவத்தை மட்டும் நம்பியிருக்கவுமில்லை. தீக்குப் பின் திருப்பணியின்போது சுவர்களுக்குள்ளே ஏராளமான இரும்புக் கவ்விகள் வெளிப்பட்டன. இரும்பில் கலந்திருந்த கரியின் வயதைக் கதிரியக்க முறையால் கணித்து, 1160களிலேயே அவை பதிக்கப்பட்டன என்று 2023இல் ஆய்வாளர்கள் அறிவித்தனர். இத்துணைப் பெரிய அளவில் இரும்பைத் தொடக்கத்திலிருந்தே பயன்படுத்திய முதல் கோதிக் தேவாலயம் இதுவே என்பது அவர்கள் முடிவு. எண்ணூறு ஆண்டு மறைந்திருந்த உண்மையை நெருப்பு வெளிப்படுத்தியது.

நெருப்புக்குப் பின்

எரிந்தது எது என்பதையும் தெளிவுபடுத்த வேண்டும். கற்கூரைக்கு மேல், மழையைத் தடுக்க, ஓக் மரச் சட்டங்களால் ஆன சரிவான கூரை ஒன்று இருந்தது. அதில் மரங்கள் நெருங்கியிருந்தமையால் அதைக் ‘காடு’ என்றே அழைத்தனர். அதன் மேல் ஈயத் தகடுகள் வேய்ந்திருந்தனர். அந்தக் காடு முழுதும் எரிந்தது. எரியும் மரம் கற்கூரையின் மேல் விழுந்தது. கல் வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஆதலால் நெருப்பின் பெரும்பகுதியைக் கற்கூரை மேலேயே தடுத்து நிறுத்தியது. கூர்ங்கோபுரம் வீழ்ந்ததில் மூன்று இடங்கள் உடைந்தன. ஆனால் பகுதி பகுதியாக விலா எலும்புகளின் மேல் கட்டப்பட்ட கூரையாதலால், ஓரிடத்துத் துளை கூரை முழுதும் பரவவில்லை.

உண்மையான அச்சம் தீ அணைந்த பிறகே தொடங்கியது. கூரை வெளியே உதைப்பதும் முட்டு உள்ளே தள்ளுவதும் ஒரு சமநிலை என்று கண்டோம். கூரை ஓரிடத்தில் வீழ்ந்தால்? எதிர்ப்பில்லாத முட்டு சுவரை உள்ளே தள்ளிவிடும்! அதுவரை கோயிலைக் காத்த கையே அதை வீழ்த்தும் கையாகிவிடும். மரக்கூரையின் எடையும் பிணைப்பும் போனதால், சுவர்கள் தாங்கக்கூடிய காற்றின் வேகம் பாதிக்கும் கீழே குறைந்துவிட்டதாகக் கணக்கிட்டவர்கள் உண்டு. ஆகவே 28 பறக்கும் முட்டுகளுக்கும் அடியில், அளவெடுத்துச் செய்த மரச் சென்ட்ரிங்குகளைப் பொருத்தித் தாங்கினார்கள். திருப்பணிக்காக முன்பே எழுப்பியிருந்த இரும்புச் சாரத்தின் ஏறக்குறைய 40,000 குழாய்கள் வெப்பத்தில் முறுக்கி ஒன்றோடொன்று ஒட்டிக் கூரையின் மேல் கிடந்தன. தொழிலாளர்கள் கயிற்றில் தொங்கியபடி அவற்றை அறுத்து எடுத்தனர். 2020 நவம்பரில்தான் அவ்வேலை முடிந்தது.

பிறகு மறுகட்டுமானம். ஆண்ட்ரூ தாலன் என்னும் அமெரிக்கப் பேராசிரியர், தீக்குப் பல ஆண்டுகள் முன்பே லேசர் கதிரால் கோயில் முழுவதையும் நுணுக்கமாக அளந்து வைத்திருந்தார். தீ விபத்தைக் காணாமல் 2018இலேயே அவர் மறைந்தார். அவர் விட்டுச் சென்ற அளவுகள் பணிக்கு உதவின. தச்சர்கள் ஓக் மரங்களைக் கோடரியால் செதுக்கிப் பழைய முறைப்படியே சட்டம் கோத்தனர். வீழ்ந்த கற்கூரைப் பகுதிகளை, மரச் சென்ட்ரிங்கின் மேல் கல்லைக் கல்லோடு சேர்த்து மீண்டும் கட்டினர்.

தந்தையாரின் மறுமொழி

ஆற்றங்கரையில் நின்றபடியே கைப்பேசியில் தந்தையாரை அழைத்து, முட்டுகளைப் படமாகக் காட்டினேன். ஆறு ஆண்டு கடனைத் தீர்க்கும் மிடுக்கோடு, உதைப்பு, கூர்வளைவு, கொடிக்கயிறு என அனைத்தையும் விளக்கினேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார். முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“எல்லாம் சரி தம்பி. சென்ட்ரிங் பிரிச்ச அன்னிக்குக் கீழே யாரு நின்னாங்க?”

நான் விழித்தேன். நான் படித்தவற்றில் அந்த வினாவே இல்லை.

“சென்ட்ரிங் இருக்கிற வரைக்கும் வளைவு மரத்து மேலே படுத்திருக்கும். அதைப் பிரிக்கிற அன்னிக்குத்தான் தன் கால்லே நிக்கும். அப்போ கல்லு கொஞ்சம் இறங்கும். எவ்வளவு இறங்கலாம், எங்கே நிக்கணும்னு கைக்குத் தெரியணும். நான் ஒரு செங்கல் வளைவு கட்டியிருக்கேன், உங்கம்மாவைக் கேளு, அதுக்கு முந்தின ராத்திரி நான் தூங்கவே இல்லை. பிரிக்கும்போது நானேதான் அடியிலே நின்னேன். வேறே யாரை நிக்கச் சொல்றது?”

இதை எழுதும்போது ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். விருத்தாசலத்துக்கு அருகிலுள்ள சிற்றூரிலிருந்து பிழைப்புத் தேடித் தில்லி வந்தவர் என் தந்தையார். அந்தப் பாரிஸ் பயிற்சிக்கான விண்ணப்பத்தில் ‘தந்தையின் தொழில்’ என்ற கட்டத்தில் நான் ‘தனியார் பணி’ என்று எழுதியிருந்தேன். பள்ளி நாள் முதல் அப்படியே எழுதி வந்தேன். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு அக்கோயிலின் முன் என்னால் நிமிர்ந்து நிற்க முடியவில்லை. அதைக் கட்டியவர்களும் கரணை பிடித்தவர்கள்தாமே. ஆயர்களின் பெயரும் அரசர்களின் பெயரும் நமக்குக் கிடைத்திருக்கின்றன. சென்ட்ரிங் பிரித்த நாளில் அடியில் நின்றவனின் பெயர் கிடைக்கவில்லை.

நண்பர்களே, நம்மிற் பலர் இங்கே ஆய்வுக்கூடங்களில் சமன்பாடுகளோடு காலம் கழிக்கிறோம். சமன்பாடு தேவைதான். கூரை ஏன் நின்றது என்று அது சொன்னது. எந்த முட்டு எப்போது பகையாகும் என்றும் அது எச்சரித்தது. ஆனால் கையால் அறிந்தவர்களின் கேள்விகள் நம் ஏடுகளில் இன்னும் ஏறவில்லை. விடுமுறைக்கு வீடு செல்லும்போது தத்தம் பெற்றோரின் தொழிலைப் பற்றி ஒரு மாலைப் பொழுதேனும் கேட்டுப் பாருங்கள். நம் பாடத்தில் இல்லாத ஒரு வினாவேனும் கிடைக்கும்.

ஊர் திரும்பியபின் பல்கலைக்கழகத்தில் ஒரு படிவம் நிரப்ப நேர்ந்தது. அந்தக் கட்டத்தில் இம்முறை ‘கொத்தனார்’ என்று எழுதினேன்.